ஆப்சைடும் மேச்சேரிக் கிடாவும்

எனக்குப் பந்தாட்டம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் எங்கள் ஊரில் பந்தாட்டம் தெரிந்தவன் என்று பல வருஷம் என்னைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அப்போது சப்-ரிஜிஸ்திரார் கச்சேரியில் பத்திரங்களுக்கு நகல் எழுதிக்கொண்டிருந்தேன். மதராஸிலிருந்து கச்சேரிக்கு வரும் இங்கிலீஷ் பத்திரிகையைக் கடைசிப் பக்கம் வரை படிப்பவன் நான் ஒருவன்தான். அந்தக் கடைசிப் பக்கத்தில் பந்தாட்டம் இருந்தது. என் தகுதி அவ்வளவே. வாழ்நாளில் ஒரே முறை பந்தை உதைத்திருக்கிறேன். என் செருப்பு கோலுக்குள் போயிற்று. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. செருப்பு போனதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று அதற்கும் ஒரு விவாதம் நடந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அப்படி.

எங்கள் ஹைஸ்கூல் அணியைப் பற்றிய சகல முடிவுகளும் கடைவீதி நெய்க்கடையில் எடுக்கப்பட்டன. அவற்றைப் பள்ளிக்கூடத்துக்குத் தெரிவிக்கும் வழக்கம் மட்டும் இல்லை. கச்சேரி விட்டதும் நான் போவேன். எனக்கு முன்பே வக்கீல் குமாஸ்தா வந்து, காலி டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருப்பார். கட்சிக்காரர் ஒருவரும் இல்லாதபோதும் இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய மனிதர். நெய்க்கடைக்காரர், வாங்க வந்தவர்களின் புறங்கையில் நெய்யைத் தேய்த்து மோந்து பார்க்கச் சொல்லிவிட்டு, அவர்கள் மோந்துகொண்டிருக்கும் நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பிப் பேசுவார்.

"டிரில் மாஸ்டர மாத்தாம இந்த டீமு உருப்படாதுங்க" என்பார்.

"மாத்திப்போட்டு யாரப் போடறது?" என்பார் குமாஸ்தா.

"யாரயாச்சும் போடோணும். நீங்க போனாலும் சரிதான்."

"நான் போனா பசங்க செயிச்சுப்போடுவாங்க. அப்பறம் நாம இங்க உக்காந்து என்னத்தப் பேசறது?"

பிறகு இருவரும் என்னைப் பார்ப்பார்கள். நான் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தை மனத்தில் கொண்டுவந்து, "சீமையில் இப்போது பந்தைத் தரையோடு அனுப்புகிறார்கள்" என்பதுபோல் ஏதாவது சொல்வேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் துணிச்சல் எனக்கு வந்திராது.

அந்த டிரில் மாஸ்டர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சில் மூச்சுக்கு மூச்சு வரும் 'ங்க' அவர் வாயில் வராது. அதனால் அவர் "வா, உட்காரு" என்று அன்பாகச் சொன்னால்கூட எங்கள் ஆட்களுக்குச் சண்டைக்கு அழைப்பதுபோல் இருக்கும். ஜெர்மன் சண்டைக்குப் போய் மெசபொடேமியாவில் இருந்துவிட்டு வந்தவர். அங்கே ஒரு வெள்ளைக்கார சார்ஜண்டிடம் பந்தாட்டம் கற்றாராம். கற்றதில் ஒன்றையும் மறக்கவில்லை. மறக்காததுதான் சிரமமாகப் போயிற்று.

அவருடைய முறை இது. காலையில் சுண்ணாம்பு வாளியோடு மைதானத்துக்குப் போய், ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கட்டம் கிழிப்பார். அந்தக் கட்டம் அவனுடைய இடம். பந்து கட்டத்துக்குள் வந்தால் உதைக்க வேண்டும். வராவிட்டால் நிமிர்ந்து நிற்க வேண்டும். எங்கள் பையன்கள் கீழ்ப்படிதல் உள்ளவர்கள். கோட்டுக்கு ஒரு சாண் வெளியே பந்து உருண்டு போனால், சாமி ஊர்வலம் போவதைப் பார்ப்பதுபோல் மரியாதையாக ஒதுங்கி நின்று பார்ப்பார்கள். "சுண்ணாம்பு மாஸ்டர்" என்று அவருக்குப் பெயர் வைத்தவர் குமாஸ்தா. பெயர் ஊர் முழுக்கப் பரவியது. அவர் காதுக்கும் போயிருக்க வேண்டும். போனதாக அவர் காட்டிக்கொண்டதில்லை.

ரெப்ரி விஷயத்தில் மட்டும் ஊரில் கருத்து வேற்றுமை கிடையாது. உலகத்தில் எந்த ரெப்ரியும் யோக்கியன் இல்லை. நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தின வருஷம் சேலத்துப் பள்ளிக்கும் எங்களுக்கும் நடந்த கடைசி ஆட்டத்தில், சேலத்துப் பள்ளியின் வாத்தியார் ஒருவரே விசில் ஊதினார். நாங்கள் தோற்றோம். அதைப் பற்றிக் குமாஸ்தாவுக்கு ஒரு சந்தேகம் நெடுநாள் இருந்தது. "அந்தாளு விசில் ஊதறதுக்கு முந்தியே நம்ம பையன் தப்புப் பண்ணிப்போட்டு நிக்கறானுங்க. அது எப்பிடி? முன்கூட்டிப் பேசி வெச்சிருந்தாத்தானே முடியும்?" என்பார். நானும் யோசித்துப் பார்த்தேன். எங்கேயோ இடிக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை.

இப்படி நாங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடக் கமிட்டியின் பிரசிடெண்டு ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டார். அவர் பெரிய பண்ணையக்காரர். பந்தாட்டம் எந்தத் திசையில் நடக்கிறது என்பதுகூட அவருக்குத் திட்டமாகத் தெரியாது. ஆனால் அவருடைய மச்சினர் சேலத்தில் இருந்தார். விசேஷத்துக்கு விசேஷம் சந்திக்கும்போதெல்லாம், "என்னுங்க மாமா, உங்கூருப் பள்ளிக்கூடத்துல கோப்பை கீப்பை ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்பாராம். பிரசிடெண்டு டிரில் மாஸ்டரைக் கூப்பிட்டனுப்பி, "இந்த வருசம் கோப்பை வரோணும். வரலீன்னா நீங்க உங்கூருக்குப் போயிருங்க" என்று சொல்லிவிட்டார். மாஸ்டர் விறைப்பாக நின்று "சரி" என்றாராம். பெண்சாதி, கைக்குழந்தை, வயசான தாயார் மூவரும் அவரோடு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் இருந்தார்கள். வேறு இடத்தில் வேலை கிடைப்பது அந்த நாளில் சுலபமில்லை.

சேதி நெய்க்கடைக்கு வந்தபோது நாங்கள் மூவரும் சங்கடப்பட்டுவிட்டோம். இரண்டு வருஷமாக அவரைத் துரத்த வேண்டும் என்று பேசியவர்கள் நாங்கள்தான். ஆனால் கோப்பை வரவேண்டும் என்றும் பேசியவர்கள். இப்போது கோப்பை வந்தால் மாஸ்டர் தங்கிவிடுவார். மாஸ்டர் போகவேண்டுமென்றால் நாம் தோற்க வேண்டும். இதில் எதற்கு ஆசைப்படுவது என்று எங்களுக்குள் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. கடைசியில் நெய்க்கடைக்காரர்தான் வழி கண்டார். "செயிச்சா ஆத்தாளுக்கு ஒரு மேச்சேரிக் கெடா வெட்டறேனுங்க" என்று மாரியம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டார். "மாஸ்டர் விசயத்த அவளே பாத்துக்குவா." அடுத்த சந்தையில் கிடாவும் வந்துவிட்டது. மேச்சேரிச் செம்மறிக்கே உரிய செவலை நிறம். கடைக்குப் பின்னால் கட்டிப் போட்டார். கடைசி ஆட்டம் வரை எங்கள் பேச்சை முழுதாகக் கேட்ட ஜீவன் அது ஒன்றுதான்.

அரையிறுதி ஆட்டத்தில் எங்களுக்கு எதிராக வரவேண்டிய பள்ளியின் பஸ் வழியில் நின்றுவிட்டது. அவர்கள் வரவில்லை. நாங்கள் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த வருஷம் நம் பையன்கள் ஆடியதிலேயே அதுதான் சிறந்த ஆட்டம் என்று குமாஸ்தா அபிப்பிராயப்பட்டார். "ஒருத்தனும் கட்டத்த உட்டு நகருலீங்க, பாத்தீங்களா?"

இறுதி ஆட்டம் எங்கள் ஊரில், வற்றிக் கிடந்த ஏரிக்குள். எதிரி அதே சேலத்துப் பள்ளி. இந்தத் தடவை இருதரப்புக்கும் பொதுவான ரெப்ரி வேண்டும் என்று சண்டை போட்டு, சேலம் ஜங்ஷனில் இருந்த ஒரு ரயில்வே கார்டைப் பிடித்தார்கள். ரயில் எங்கள் ஊருக்கு வருவதில்லை. ஆகவே கார்டுக்கு எங்கள் மேல் பிரியமோ விரோதமோ உண்டாக நியாயமில்லை என்று பேசி முடிவானது. அவர் வெள்ளைக் கால்சட்டையில் வந்தார். சொந்த விசிலே கொண்டுவந்திருந்தார். ஆட்டம் தொடங்க ஊதியபோது, பழக்கத்தில் இடது கை தானாக உயர்ந்து கொடி காட்டுவதுபோல் அசைந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் சிலர், ஏதோ கிளம்பப் போகிறது என்று எழுந்து நின்றார்கள்.

ஆட்டத்தைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. புழுதி எழும்பியது. அது அடங்கும்போது பந்து வேறிடத்தில் இருந்தது. எங்கள் பையன்கள் கட்டங்களில் நின்றார்கள். சேலத்துப் பையன்கள் கட்டங்களுக்கு நடுவே புகுந்து போய்க் கோலை நோக்கி அடித்தார்கள். அடித்ததெல்லாம் வெளியே போயிற்று. பிரசிடெண்டு குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மேஜைமேல் இருந்த கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கோட்டோரம் நின்றார்.

பொழுது சாயும் நேரத்தில் எங்கள் செண்டர் பார்வார்டு பையனுக்குக் காலில் நெருஞ்சி முள் ஏறியது. வெறுங்காலில்தான் எல்லோரும் ஆடினார்கள். அவன் கட்டத்தைவிட்டு நொண்டிக்கொண்டே போய், சேலத்தார் கோலுக்குப் பக்கமாக உட்கார்ந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு முன்னால் அவர்களுடைய கோல்கீப்பரும், பின்னால் நின்று காக்கும் பேக் ஒருவனும் மட்டும் இருந்தார்கள். இந்த விவரத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; அன்று எங்களில் ஒருவரும் வைத்துக்கொள்ளவில்லை. எங்கிருந்தோ எங்கள் பையன் ஒருவன் ஓங்கி உதைத்த பந்து இவன் முன்னால் வந்து விழுந்தது. இவன் எழுந்து, முள் எடுத்த காலாலேயே தட்டினான். பந்து உள்ளே போய்விட்டது.

கார்டு விசில் ஊதி, நடுமைதானத்தைக் காட்டினார். கோல்.

ஏரிக்கரை முழுக்க எழுந்து துண்டைச் சுழற்றியது. நெய்க்கடைக்காரர் என்னைக் கட்டிக்கொண்டார். அன்று முழுக்க என் சட்டையில் நெய் வாசனை. அப்போதுதான் கவனித்தோம், மைதானத்துக்குள் ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு ஓடுவதை. எங்கள் டிரில் மாஸ்டர்.

"ஆப்சைடு" என்றார் கார்டிடம். "கோல் இல்லை. பையனுக்கு முன்னால எதிராளுங்க மூணு பேர் இருக்கணும். ரெண்டு பேர்தான் இருந்தாங்க. நான் பார்த்தேன்."

கார்டுக்கு முதலில் விளங்கவில்லை. "நீங்க எந்த ஊரு டீமுக்கு மாஸ்டர்?" என்று கேட்டார்.

"இந்த ஊருக்குத்தான்."

"உங்க பையன்தானே அடிச்சான்?"

"ஆமா. அது கோல் இல்லை."

கார்டு விசிலைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "ஐயா, மூணு பேருங்கறது பழைய விதி. இப்ப மாத்திட்டாங்க. ரெண்டு பேர் முன்னால இருந்தா போதும். இது கோல்தான்."

சீமையில் விதியை மாற்றியிருந்தார்கள். அந்தச் சேதி கப்பலேறி, மதராஸில் இறங்கி, ரயிலில் சேலம் வரை வந்துவிட்டது. அதற்கு மேல் எங்கள் ஊருக்கு ரயில் இல்லை. என் பத்திரிகையில் வந்திருக்குமே என்று கேட்கலாம். வந்திருக்கும். ஆப்சைடு என்ற சொல்லை நான் எப்போதும் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

"எனக்கு அப்படி ஆர்டர் வரலை" என்றார் மாஸ்டர். "நான் படிச்சது மூணு."

சேலத்துப் பள்ளி மாஸ்டரும் ஓடிவந்து, எங்கள் மாஸ்டர் சொல்வதே சரி, மூன்று பேர்தான் என்று சத்தியம் செய்தார். இப்போது கார்டு ஒருவர் எங்கள் பக்கம்; எங்கள் மாஸ்டரும் எதிரியும் ஒரு பக்கம். ஏரிக்கரையில் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கூட்டம் தவித்தது. ரெப்ரியைத் திட்டித் தொண்டையைப் பழக்கியிருந்தவர்கள், அவர் நமக்குச் சாதகமாகப் பேசுவதைக் கண்டு பாதி வசவோடு நிறுத்திக்கொண்டார்கள்.

"இந்தாளு சேலத்துக்காரங்ககிட்ட எதாச்சும் பேசி வெச்சிருப்பாருங்களா?" என்று நெய்க்கடைக்காரர் கேட்டார்.

"செயிச்சாத்தான அந்தாளுக்கு வேல. தோக்கறதுக்கு எதுக்குங்க பேசி வெப்பாரு?" என்றார் குமாஸ்தா.

"அப்பறம் எதுக்கு இப்பிடிப் பண்டறாரு?"

இருவரும் வழக்கம்போல் என்னைப் பார்த்தார்கள். நான் கோல் கம்பத்தைப் பார்த்தேன்.

கார்டு தீர்ப்பை மாற்றவில்லை. ஆட்டம் அந்த ஒரு கோலோடு முடிந்தது. பிரசிடெண்டு எழுந்து கோப்பையை எடுத்து நீட்டினார். மாஸ்டர் பையன்களை வரிசையாக நிறுத்தி, "நாம் ஜெயிக்கலை. யாரும் கை நீட்டக்கூடாது" என்றார். கீழ்ப்படிதல் உள்ள பையன்கள் என்று முன்பே சொன்னேன். கோப்பையைப் பிடித்திருந்த பிரசிடெண்டின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு அவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் முழுக்க ஊரில் ஒரே கேள்விதான். நாம் ஜெயித்தோமா, இல்லையா? ஜெயித்திருந்தால் மாஸ்டர் இருப்பார், இல்லாவிட்டால் போவார். மாஸ்டரைக் கேட்டால் ஜெயிக்கவில்லை என்கிறார். அவர் பேச்சை ஏற்றால் அவரே போகவேண்டும். நெய்க்கடைக்காரர் பாடு இன்னும் மோசம்.

"செயிச்சது நெசமுன்னா கெடா வெட்டோணும். வெட்டாட்டி ஆத்தா சும்மா உடமாட்டா. செயிக்காம வெட்டுனா, பொய் சொல்லிக் கெடா குடுத்தேன்னு ஆயிரும். எனக்குத் தூக்கமே இல்லீங்க" என்றார். பின்னால் கட்டியிருந்த கிடா அசைபோட்டுக்கொண்டிருந்தது.

விஷயம் பிரசிடெண்டு வரை போயிற்று. அவர் நியாயஸ்தர். கார்டு சொன்னதையும் தள்ளமாட்டார், மாஸ்டர் சொன்னதையும் தள்ளமாட்டார். யோசித்துச் சொன்னார்: "ரெண்டு மனுசங்க ரெண்டு விதமாச் சொல்றாங்க. ஆத்தாகிட்டயே கேட்டுப்போடலாம். கெடா துளுக்குனா செயிப்பு நெசம், மாஸ்டர் இருக்கட்டும். துளுக்கலீன்னா செயிப்பு இல்ல, பேசுனபடி நடக்கட்டும்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் காத்திருப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். அதுதான் துளுக்குவது. துளுக்காத கிடாவை வெட்டமாட்டார்கள். கல்யாணம், காடு வாங்குவது, பங்காளிச் சண்டை எல்லாவற்றுக்கும் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். ஆப்சைடுக்குக் கேட்டது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. "அம்மன் சொன்னா சரி. அது மேலிடம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வாசலில் கூடினோம். பந்தாட்டத்துக்கு வந்ததைவிடக் கூட்டம் அதிகம். கிடாவின் கழுத்தில் வேப்பிலை கட்டியிருந்தது. பூசாரி மஞ்சள் தண்ணீரை நெற்றியிலிருந்து வால் வரை ஊற்றினார். தண்ணீர் சொட்டச் சொட்டக் கிடா எங்களைப் பார்த்தது. துளுக்கவில்லை.

மறுபடி ஊற்றினார். இல்லை.

"யாருக்கோ மனக்கொறை இருக்குதுங்க" என்றார் பூசாரி. "இருக்கறவங்க ஆத்தா முன்னால சொல்லித் தீத்துப்போடுங்க."

இதுவும் வழக்கம்தான். கிடா துளுக்காவிட்டால், வந்திருப்பவர்கள் நடுவே தீராத வருத்தம் ஒன்று கிடக்கிறது என்று கொள்வார்கள். குமாஸ்தா முன்னால் வந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "சுண்ணாம்பு மாஸ்டருன்னு பேர் வெச்சவன் நாந்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னார்.

"அப்படியா? அது வெள்ளையடிக்கிறவரைச் சொல்றாங்கன்னு நினைச்சேன்" என்றார் மாஸ்டர்.

குமாஸ்தாவுக்கு முகம் விழுந்துவிட்டது. நெய்க்கடைக்காரர் தான் பேசியதையெல்லாம் வரிசையாகச் சொல்லத் தொடங்கினார்; பூசாரி தண்ணீர் காய்ந்துவிடும் என்று பாதியில் நிறுத்தினார். பிரசிடெண்டு எழுந்து, "அந்தப் பையனுக்கு முள்ளு ஏறுனத நானுமே பாத்தேன். நமக்கு நல்லதுன்னு சும்மா இருந்துட்டேன். அதுல ஏதாச்சும் குத்தம் இருந்தா ஆத்தா மன்னிக்கோணும்" என்றார். முள் ஏறியதில் ஒரு குற்றமும் இல்லை என்று அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. நானும் ஒரு பொது மன்னிப்புக் கேட்டு வைத்தேன்.

மூன்றாம் முறை தண்ணீர் விழுந்தது. கிடா தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டியது. காது இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. உடம்பு அப்படியே நின்றது.

"துளுக்கிருச்சு" என்றது கூட்டத்தில் பாதி.

"எங்க துளுக்குச்சு? காதுல உக்காந்த ஈய முடுக்குச்சு" என்றது மறு பாதி.

"தலய ஆட்டுனா சரீன்னுதானுங்களே அர்த்தம்" என்றார் நெய்க்கடைக்காரர்.

"கல்யாணப் பேச்சுல பொண்ணு தலய ஆட்டுனா சரி. கெடாவுக்கு முழு உடம்பும் ஒதறோணும்" என்றார் குமாஸ்தா. உடனே நிறுத்தி, தான் எந்தப் பக்கம் பேசிவிட்டோம் என்று மாஸ்டரை ஓரக்கண்ணால் பார்த்தார். "இல்லீனாலும், சில எடத்துல தலயே போதுமுன்னும் சொல்லுவாங்க" என்று மறுபக்கத்தையும் எடுத்துவைத்தார்.

பூசாரியைக் கேட்டார்கள். அவர் அந்த நேரத்தில் கற்பூரம் எடுக்கக் குனிந்திருந்தாராம். சத்தம் வலுத்தது. ஏரிக்கரையில் கேட்ட அதே சத்தம். அப்போது பிரசிடெண்டு கையை உயர்த்தினார்.

"கெடாவுக்குப் பக்கத்துல நின்னது மாஸ்டருதான். அவர் பாத்திருப்பாரு. அவர் சொல்றத நாம ஒத்துக்குவோம்."

கூட்டத்தின் ஓரத்தில் மாஸ்டரின் தாயார் பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு சொல் போதும். ஆமாம் என்றால் வீடும் வேலையும் நிற்கும். கிடாவைத் தவிர வேறு யாரும் மறுத்துச் சொல்லப் போவதில்லை.

மாஸ்டர் கிடாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து அதன் முதுகைப் பார்த்தார். வேப்பிலையை ஒதுக்கிப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் முதுகில் துளித்துளியாக அப்படியே நின்றிருந்தது.

"தலை மட்டும்தான் ஆடுச்சு" என்றார். "உடம்பு உதறலை. இது கணக்கில்லை."

நெய்க்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரசிடெண்டு கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. ஆத்தா செயிப்ப ஒத்துக்குல. பேசுனது பேசுனதுதான். மாஸ்டரு பந்தாட்டத்த உட்டுப்போடட்டும்" என்றார்.

"பள்ளிக்கூடத்தையுமுங்களா?" என்று கேட்டார் குமாஸ்தா.

"ஆத்தாகிட்டக் கேட்டது பந்தாட்டத்தப் பத்தி. பள்ளிக்கூடத்த எதுக்கு உடோணும்?" என்றார் பிரசிடெண்டு. மாஸ்டரை ஊருக்கே போய்விடச் சொன்னதும் அவரேதான் என்பதை அந்த இடத்தில் ஞாபகப்படுத்த ஒருவரும் முன்வரவில்லை. "தன் வேல போற எடத்துலயும் துளுக்கலீன்னு சொன்ன ஆளு. பரிச்சை நடத்தறதுக்கு நாம அந்த மாதிரி ஒருத்தரு இல்லாமத்தான இருக்கறோம். அதப் பாக்கட்டும்."

மாஸ்டர் பதவி இறங்கினாரா ஏறினாரா என்று நெய்க்கடையில் பிறகு மாதக்கணக்காக ஆராய்ந்தோம். கோப்பையைச் சேலத்துக்கு அனுப்பினோம். மைதானத்தில் மூன்று பேர் என்று சத்தியம் செய்த அந்த மாஸ்டர், ஊருக்குப் போய்ப் புது விதியைப் படித்துவிட்டாராம். ரெப்ரி தீர்ப்புக்கு மாறாக வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அது நெய்க்கடை அலமாரியில் உட்கார்ந்தது. எங்கள் அணியைத் தமிழ்ப் பண்டிதர் வசம் ஒப்படைத்தார்கள். டிரில் மாஸ்டர் பரீட்சை நடத்திய அழகில், ஆட்டக்காரப் பையன்களில் முக்கால்வாசிப் பேர் தவறி அதே வகுப்பில் தங்கிவிட்டார்கள். வேறு பள்ளிகளில் ஆடத் தெரிந்தவன் தேறிப் போய்விடுவான். எங்கள் பள்ளியில் எல்லோரும் பழகிய ஆட்களாக இருந்தார்கள். அடுத்த வருஷம் ஒரு சந்தேகமும் இல்லாமல் ஜெயித்தோம். பண்டிதரின் பயிற்சியே பயிற்சி என்று ஊர் புகழ்ந்தது. பந்து வரும்போது அவர் மேல்துண்டால் கண்ணை மூடிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை இன்னும் முடியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, நெய்க்கடைக்காரருக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லாததால், கிடாவைக் கடையில் கொண்டுபோய்க் கட்டும் வேலை என்னிடம் வந்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். மாஸ்டரும் அதே வழியில் வந்தார். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சீமையில் இப்போது பந்தைத் தரையோடு அனுப்புவதைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

கடைவீதி முனையில் கிடா நின்றது. கால்களை அகல வைத்துக்கொண்டது. மூக்கிலிருந்து வால்நுனி வரை உடம்பு முழுதும் உதறியது, என் வேட்டி மஞ்சளாகும்படி. அதுபோன்ற துளுக்கை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கிடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன்" என்றார்.

"திரும்பிப் போய்ச் சொல்லலாமுங்களா? பிரசிடெண்டு இன்னும் கோயில்லதான் இருப்பாரு."

மாஸ்டர் முகத்தில் தெறித்த மஞ்சள் தண்ணீரைத் துடைத்துக்கொண்டார். "ஆட்டம் முடிஞ்சு விசில் ஊதியாச்சு" என்றார். "இது கணக்கில்லை."

சொல்லிவிட்டு, காலை நேரம் தப்பிவிட்டதே என்ற அவசரத்தில், மைதானத்துப் பக்கமாகத் திரும்பி நடந்தார். பத்தடி போனவர் நின்றார். அன்றைக்குக் கட்டம் கிழிக்கும் வேலை தனக்கு இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்த்துப் போனார்.

நான் கயிற்றோடு அங்கேயே நின்றேன். விசில் ஊதியது யார், எப்போது ஊதினார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கிடாவுக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது. மறுபடி ஒரு தரம் துளுக்கியது.